பாராசூட் கேப்டனின் மகளுக்கு

அன்புள்ள சில்வண்டுக்கு,

அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். எல்லாக் கடிதமும் இப்படித்தான் தொடங்கும் என்று இந்த வரியைத் தாண்டிப் போய்விடாதே. இந்த முறை அது நிஜம்.

உன் கடிதம் இந்த வாரம் வந்தது. ஒரே பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து உன்னை எனக்குத் தெரியும், ஒரே பக்கத்தில் நீ எதையும் சொல்லி முடித்ததில்லை. 'கம்பெனி மூடி உங்க அம்மாவுக்கு வேலை போயிடுச்சு. எங்க அப்பா மூணு மாசம் முன்னாடியே வேற கம்பெனிக்குத் தப்பிச்சுட்டார். உன் மூஞ்சியில முழிக்க வெக்கமா இருக்கு. இனிமே எழுத மாட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். பேச்சுப் போட்டிக்கு வருகிறேன் என்று சொன்ன உன் அப்பா வரவில்லை, அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை என்று கடைசி வரியில் இருந்தது. அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். எதற்கும் விளக்கம் சேர்க்கிறேன் என்று எனக்கு அடிக்குறிப்பு எனப் பெயர் வைத்தவளே நீதானே, பொறுத்துக்கொள்.

முதலில் அம்மா. அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறாள். கடைசி ஒரு வருடம் அவள் தூங்கிய லட்சணம் எங்களுக்குத் தெரியும். சம்பளம் வருமா, நாளைக்கு விமானம் கிளம்புமா என்று ஒவ்வொரு நாளும் கவலை. கையில் காசு வாங்காமல் எரிபொருள் லாரிக்காரர் குழாயையே பொருத்த மாட்டாராம். ஒரு விமானத்தில் எது பழுதானாலும் இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டுவார்களாம். தாமதமானால் பயணிகளின் கோபமெல்லாம் விமானப் பணிப்பெண்ணான அம்மாவின் தலையில்தான். தண்ணீருக்குக் காசு, பைக்குக் காசு, ஜன்னல் இருக்கைக்குக் காசு, அந்த விமானத்தில் திட்டுவது ஒன்றுதான் இலவசம் என்று அப்பா சொல்வார். இனி அந்தத் திட்டும் கிடையாது.

மூடிய நாளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பாய். நான்கு வரி போட்டிருந்தார்கள். அம்மா அன்று வெளியூர் விமான நிலையத்தில் இருந்தாள். பயணிகள் ஏறி, பெல்ட் போட்டு, கதவும் சாத்தியாகிவிட்டது. அப்போது ஒரு மஞ்சள் டிராக்டர் வந்து விமானத்தின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நின்றதாம். ஓட்டுநர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்துவிட்டார். நிலையத்துக்குச் சேரவேண்டிய பாக்கி வந்தால்தான் டிராக்டர் நகரும். பாக்கியைக் கட்ட ஆளில்லை, தலைமை அலுவலகத்தில் போனை எடுக்கவும் ஆளில்லை. எல்லோரையும் இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் பேசியது அம்மாதான். எத்தனையோ வருடம் தடங்கலில்லாமல் பேசிய குரல் அன்று பாதியில் நின்றுபோனதாம்.

விமானிகள் இருவருக்கும் அந்த ஊரிலேயே வீடு, போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது அம்மாவும் இன்னும் மூன்று பேரும். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்த அக்கா, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான புதுப்பெண், பிறகு சுருட்டைமுடி அண்ணன். அண்ணனை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அப்பா வேறு கம்பெனிக்குப் போய், நீங்கள் நம் குடியிருப்பைக் காலிசெய்து ஊர் மாறியபோது, விழும் விமானத்திலிருந்து தனியாகக் குதித்தவர் என்று 'பாராசூட் கேப்டன்' எனப் பெயர் வைத்தவர் அவர்தான். வழக்கமாகத் தங்கும் விடுதியில் இவர்களை உள்ளே விடவில்லை, கம்பெனி பல மாதமாக வாடகை தரவில்லையாம். சீருடையோடு விமான நிலைய நாற்காலிகளிலேயே கிடந்தார்கள். போனில் எங்களிடம் 'எல்லாம் நல்லா இருக்கு' என்றாள் அம்மா. நன்றாக இருக்கும்போது அவள் அப்படிச் சொல்வதே இல்லை. அப்பா எல்லாக் கம்பெனிகளிலும் டிக்கெட் தேடினார். எங்கள் கம்பெனிப் பயணிகளே எல்லாவற்றையும் வாங்கித் தீர்த்திருந்தார்கள்.

மறுநாள் காலை அங்கே வந்து இறங்கியது உன் அப்பாவின் விமானம்.

நாற்காலிகளில் பழைய சீருடையைப் பார்த்ததும் அவர் நேராக வந்தாராம். அம்மா பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். சுருட்டைமுடி அண்ணன் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். உன் அப்பா கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாப்பிட்டார்களா என்றுதான் கேட்டார். அவருடைய விமானமும் நிறைந்திருந்தது. பின்னால், பணியாளர்கள் உட்காரும் மடக்கு இருக்கைகளில் இரண்டு மட்டும் மிச்சம். அவற்றில் வேறு கம்பெனி ஆட்களை ஏற்ற மேலிடத்தில் கேட்க வேண்டும், கேப்டன் தன் பொறுப்பென்று ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்ந்து மூன்றே மாதமானவர் போய் இதைக் கேட்பது லேசான காரியமில்லை என்று அம்மா சொன்னாள். அவர் கேட்டார், அனுமதியும் வாங்கினார்.

அம்மா கைக்குழந்தைக்கார அக்காவையும், தன் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்த சுருட்டைமுடி அண்ணனையும் முதலில் போகச் சொன்னாள். அண்ணன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாராம். உன் அப்பா அவர் தோளைத் தட்டி, "வாப்பா, பாராசூட்ல ஒரு இடம் இருக்கு" என்றாராம். அண்ணன் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாராம்.

மிச்சம் இருந்தது அம்மாவும் புதுப்பெண்ணும். "நாளைக்கு வர்ற கேப்டன் உங்களை ஏத்துவாரான்னு எனக்குத் தெரியாது. நானே வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவருக்கு விடுமுறை. இன்னொருவரிடம் கெஞ்சி வேலையை மாற்றிக்கொண்டு வந்தார். அது எந்த நாள் என்று நீயே பார். வெள்ளிக்கிழமை, உன் பேச்சுப் போட்டி நாள். மேடையில் நின்றபடி நீ கூட்டத்தில் தேடிய மனிதர், அந்த நேரத்தில் என் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

வரும் வழியில் அம்மா ஒரு கூத்து செய்தாள். பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து, குப்பைப் பையை எடுத்துக்கொண்டு நடுவழியில் கிளம்பிவிட்டாளாம். சீருடையை அடையாளம் கண்ட ஒருவர், என் டிக்கெட் காசுக்குப் பதில் சொல்லு என்று பிடித்துக்கொண்டார். அந்த விமானத்துப் பணிப்பெண் வந்து அம்மா கையிலிருந்த பையை வாங்கி, இன்றைக்கு நீங்கள் விருந்தாளி என்று சொல்லிக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். வீட்டில் அம்மா இதை நடித்தே காட்டுகிறாள்.

இறங்கும்போது அம்மா உன் அப்பாவிடம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள், பிள்ளை சந்தோஷப்படுவாள் என்றாளாம். "வேண்டாம்க்கா. முன்னாடியே விட்டுட்டுப் போனதுக்குக் கணக்கை நேர் பண்றேன்னு நினைப்பா. நீங்களும் சொல்லிக்காதீங்க" என்றிருக்கிறார். இதை உனக்கு எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் என் வாயைத்தானே கட்டினார், உன் கையையா கட்டினார் என்றாள்.

உனக்காக இன்னொன்றும் கேட்டேன். கம்பெனி மூழ்கப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரியுமா என்று. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "எங்க எல்லாருக்கும்தான்டி தெரியும். அவருக்கு வேலை கிடைச்சுது, போனார். எனக்குக் கிடைச்சிருந்தா நானும் போயிருப்பேன். அப்போ நீ வெக்கப்பட்டிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். வெட்கமாவது ஒன்றாவது, நிம்மதியாகத்தான் இருந்திருப்பேன். ஆகவே நீயும் நிம்மதியாக இரு.

இன்னொரு சேதி. அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. விமானப் பணிக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளியில், ஆபத்துக் காலத்தில் பயணிகளை எப்படி வெளியேற்றுவது என்று பாடம் நடத்தப்போகிறாள். சம்பளம் குறைவுதான், ஆனால் மாதா மாதம் வருமாம். நேற்றுக் கண்ணாடி முன் நின்று, 'எழுந்திருங்க, பையை விடுங்க, வெளியே ஓடுங்க' என்று முழுக்குரலில் பழகினாள். மாடிவீட்டு வக்கீல் பாதி மழித்த தாடியோடு தெருவுக்கே ஓடிவந்துவிட்டார். கையில் பை இல்லை. ஒருவராவது நான் சொன்னதைச் சரியாகக் கேட்டாரே என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. புதுப்பெண்ணுக்கும் சுருட்டைமுடி அண்ணனுக்கும் இன்னும் ஒன்றும் அமையவில்லை, அலைகிறார்கள். அண்ணனுடைய அப்பா தேறி வீடு திரும்பிவிட்டார். குடியிருப்பில் யாராவது பாராசூட் என்று பேச்செடுத்தால் முதலில் சண்டைக்குப் போவது அண்ணன்தான்.

நீ இல்லாமல் பள்ளிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் என் பைதான் உட்கார்ந்து வருகிறது. அது பேசுவதே இல்லை.

எனக்கு உடனே பதில் போட வேண்டாம். உன் அப்பா அடுத்தமுறை வேலை முடிந்து வரும்போது, கதவை நீ போய்த் திற. ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டால், சாப்பிட்டீர்களா என்று கேட்டால் போதும். பிறகு உன் மேடைப் பேச்சை முதலிலிருந்து முடிவுவரை அவருக்குச் சொல்லிக்காட்டு, அவர் கேட்கட்டும். அதற்கப்புறம் எனக்கு எழுது. பக்கம் பக்கமாக எழுது.

என்றும் உன்,
அடிக்குறிப்பு