உன் டோக்கனை எடுத்தது நான்தான்

என் அன்பு மச்சான் முனிரத்தினத்துக்கு,

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறவன் பைத்தியக்காரன் என்று நீயே சொல்லியிருப்பாய். இப்போது எழுதுகிறேன், அதுவும் உனக்கு மட்டும் இல்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் எல்லாரும் கூடும்போது இதைச் சத்தமாகப் படிக்கப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் நடுநடுவே சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. அமுலு நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல முடியாது, நடமாடுகிறாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நெமிலிச்சேரியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கிறாள். நம் தொழிற்சாலை கேன்டீனில்தான் வேலை. பூங்கொடிக்குப் பத்து வயது. உன் நெற்றி அப்படியே. யார் என்ன பேசினாலும் குறுக்கே ஒரு கேள்வி கேட்பதும் உன்னை மாதிரியேதான். ஆவடியில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது, மாடிக்கு மாடி கேபிள் ஒயர் தொங்குகிறது. நீ இருந்தால் முதல் வேலையாக அந்த ஒயரை ஒழுங்காகக் கட்டச் சொல்லிச் சண்டைக்குப் போயிருப்பாய்.

ஏரியில் நம் தொழிற்சாலைப் படகு கிளப்பை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். நீ போனதும் இழுத்து மூடிய ஷெட்டை இந்த வருஷம்தான் திறந்தார்கள். புது ஆட்கள் நிறையச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவர்களுக்காகப் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்களிடம் நான்கு பேர் துடுப்புப் போடுகிற படகு மூன்று, ஒற்றை ஆள் படகு ஒன்று. எல்லாம் பட்டாளத்தார் கழித்துவிட்டவை. லைஃப் ஜாக்கெட் மொத்தம் எட்டு. ஆளோ நாற்பதுக்கு மேல். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்குக் கரைக்கு வந்தால், யார் முதலில் துடுப்பைப் பிடிப்பது என்று அடிதடி. ஈரத்தோடு ஜாக்கெட்டைச் சுருட்டி மூலையில் எறிவார்கள், எலி கடிக்கும், கொக்கி துருப்பிடிக்கும். எல்லாருக்கும் சொந்தமான பொருளை யாரும் துடைத்துவைப்பதில்லை.

நீதான் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தாய். தொழிற்சாலையின் டூல் ரூமில் ஒரு கருவி வாங்கினால் நம் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அங்கே மாட்டிவிட்டு வருவோமே, அதே பழக்கத்தை ஏரிக்குக் கொண்டுவந்தாய். ஷெட் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி. தண்ணீருக்குப் போகிறவன் டோக்கனை மாட்ட வேண்டும். திரும்பி வந்து, துடுப்பைக் கழுவி, ஜாக்கெட்டை உலர்த்திவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்குக் காவலர் கோதண்டம் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். அதற்குப் பிறகும் பலகையில் டோக்கன் தொங்கினால் அவர் காவல் படகை எடுத்துக்கொண்டு தேடிப் போவார். தாமதமாக வந்தவனுக்கு இரண்டு மாதம் ஏரிப்பக்கம் வர அனுமதி இல்லை.

உன்னை எல்லாரும் ‘சட்டம்’ என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். ஒரு தடவை பத்து நிமிஷம் பிந்திவிட்டேன் என்று என்னையே நிறுத்திவிட்டாய்.

“இன்னா மச்சான், என்னயேவா?” என்று கேட்டேன்.

“உன்னயேதான். பொண்ணு குட்த்தவன்னு ஏரி உட்டுருமா?” என்றாய்.

ஆமாம், ஒரே மெஷின் ஷாப்பில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்று சும்மா மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் தங்கை அமுலுவை உனக்குக் கட்டிக்கொடுத்ததும் அது நிஜமாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அடுத்த ஞாயிறு தொழிற்சாலையின் ஷாப்புகளுக்கு நடுவே படகுப் போட்டி. நம் படகில் நீ முன்னால், நான் உனக்குப் பின்னால். போட்டி நடக்கிற வழியில் மீன்காரர்கள் வலை கட்டுகிற கழிகளை இன்னும் பிடுங்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒற்றைப் படகை எடுத்தாய். மற்றவன் படகு கழியில் மோதிவிடக் கூடாதே என்றுதான் போனாய்.

அன்றைக்கு மிச்சமிருந்தவை இரண்டு ஜாக்கெட். ஒன்று நல்லது, இன்னொன்றில் கொக்கி உடைந்திருந்தது. பேக்கிங் செக்‌ஷனிலிருந்து புதிதாக வந்தவர் ஒருவர், நீச்சல் தெரியாதவர், நான்கு பேர் படகில் ஏற நின்றார். நல்லதை அவருக்கு மாட்டிவிட்டாய். உடைந்ததை ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு நீ போனாய். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம். எல்லாரும் கரையேறிவிட்டார்கள். பலகையில் உன் டோக்கன் மட்டும் தொங்கியது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, நீ போட்ட சட்டத்தில் நீயே மாட்டிக்கொண்டால் ஷாப் முழுக்கச் சிரிப்பார்களே, ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு நீ இல்லாமல் போய்விடுவாயே என்று தோன்றியது. இதோ கோரைப்புல்லுக்குப் பின்னால் வந்துகொண்டிருப்பாய் என்று நினைத்தேன். தொழிற்சாலை கேட்டில் ஒருத்தன் பிந்தினால் இன்னொருத்தன் அவனுக்கும் சேர்த்து டோக்கனைப் போடுவதில்லையா? அதைத் தப்பு என்று நாம் யாராவது நினைத்தோமா? அது சிநேகிதம். அந்தக் கைப்பழக்கத்தில் உன் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கோதண்டம் தண்டவாளத்தைத் தட்டினார். பலகையைப் பார்த்தார். ஓர் ஆணியிலும் டோக்கன் இல்லை. ஷெட்டைப் பூட்டினார். படகை எண்ணுகிற வழக்கம் நமக்குக் கிடையாது, அந்த ஒற்றைப் படகு மாதத்தில் பாதி நாள் ரிப்பேரில்தான் இருக்கும். பின்பக்கம் கொடியில் உன் சட்டை தொங்கியது, அதுவும் புதிதில்லை, சட்டையை மறந்துவிட்டுப் போகிறவர்கள் தினம் இரண்டு பேராவது இருப்பார்கள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

ஏழரை மணிக்கு அமுலு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணா, அவரு இன்னும் ஊட்டுக்கு வர்ல. உன்னாண்ட இன்னா சொல்ட்டுப் போனாரு?”

கோதண்டத்தை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். அவர் ஷெட்டைத் திறந்து காவல் படகைத் தள்ளப் போனார். அந்த நேரத்தில் நான் செய்ததைத்தான், மச்சான், இத்தனை வருஷமாக என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நீ செத்துவிட்டாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே, கொடியில் தொங்கிய உன் சட்டைப்பையில் அந்த டோக்கனைப் போட்டுவிட்டேன். உன்னைத் தேடுவதற்கு முன்னால் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

விடிந்ததும் உன்னைக் கண்டுபிடித்தார்கள். படகு கழியில் மோதிக் கவிழ்ந்திருந்தது. உன் கால் வலையில் சிக்கியிருந்தது. ஜாக்கெட் கயிறு அவிழ்ந்து தனியாகப் புல்லில் கிடந்தது. ரொம்ப நேரம் கழியைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய் என்று டாக்டர் சொன்னார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது.

விசாரணையில் வலைக்காரர் ஒருவர் வந்து சொன்னார். “ஏகாம்பரம், ஏகாம்பரம்னு ஒரு கொரல் கேட்டுது சார். ஆறே கால், ஆறரை இருக்கும். கிளப்பு ஆளுங்க வெளயாட்றாங்கன்னு உட்டுட்டேன்.”

ஏகாம்பரம் நான்தான். அந்த அறையில் அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். டோக்கன் உன் சட்டையில் எப்படி வந்தது என்று கேட்டார்கள். “அவரே எட்த்துகினு மறுபடி தண்ணிக்குப் போயிருப்பாரு சார்” என்றேன். சொல்லும்போது என் குரல் நடுங்கக்கூட இல்லை. நீ விதியை மீறினாய், ஜாக்கெட்டை ஒழுங்காகக் கட்டவில்லை என்று எழுதி முடித்தார்கள். தன் மேல் பழி வராமல் போனதே என்று கோதண்டம் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது புது ஷெட் சுவரில் பெரிய எழுத்தில் விதிகளை எழுதியிருக்கிறார்கள். முதல் விதி, டோக்கனை எடுத்தபின் மீண்டும் படகில் ஏறக்கூடாது. உன்னை வைத்து எழுதிய விதி. புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் அங்கே நிறுத்திக் கோதண்டம் கதை சொல்கிறார்.

“முன்னாடி ஒருத்தரு இருந்தாருப்பா. இந்த ரூலெல்லாம் அவரு போட்டதுதான். அவரே டோக்கன எட்த்து வெச்சிகினு திருட்டுத்தனமா மறுபடி போனாரு. காலீல பொணமாத்தான் வந்தாரு.”

கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், ஒன்றிரண்டு பேர் சிரிப்பார்கள். நானும் அங்கேதான் நிற்பேன். போன மாதம் பூங்கொடி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என்னிடம் கேட்டாள். “மாமா, எங்கப்பா ரூலு மீறுனதாலதான் செத்தாராமே?” நான் அவளுக்கு ஐஸ் வாங்கிக்கொடுத்தேன். அதைத்தான் செய்தேன், மச்சான்.

போன ஞாயிறு, ஆறு அடிக்கிற நேரம். இரண்டு டோக்கன் மிச்சம். வெல்டிங் ஷாப்காரர் ஒருவர் வந்து தன்னுடையதை எடுத்தார், கூடவே பக்கத்து ஆணியில் இருந்ததையும் எடுத்தார். நான் பாய்ந்து அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

“இன்னா அண்ணாத்தே, கைய நீட்ற? அவன் தோ வந்துகினு கீறான். அஞ்சு நிமிசம்தானே!” என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அந்த ஆள் வந்து சேர்ந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுவரில் எழுதியிருக்கிற விதி இதைத் தடுக்கவில்லையே? அடுத்தவன் டோக்கனைத் தொடாதே என்று அங்கே எங்கே எழுதியிருக்கிறது? எழுதச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் நான் சொல்ல வேண்டும். என் வாய் மூடியிருந்ததால் அந்தச் சுவரில் தப்பான விதி நிற்கிறது, அதை நம்பி நாற்பது பேர் தண்ணீருக்குப் போகிறார்கள்.

அன்றைக்கே நெமிலிச்சேரிக்கு ரயில் ஏறினேன். அமுலு அரிசி களைந்துகொண்டிருந்தாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவரு உன் பேரச் சொல்லிக் கூப்ட்டுகினு இருந்தப்போ நீ இன்னா பண்ணிகினு இருந்தே?”

“பஜ்ஜி துன்னுகினு இருந்தேன்” என்றேன். பொய் சொல்ல அதற்கு மேல் தெம்பு இல்லை.

அவள் அரிசியை உலையில் போட்டாள். அப்புறம் சொன்னாள்.

“என் புருசன் மேல நானே கோவமா இருந்தேண்டா. எட்டு வருசம். ஏன் என்ன உட்டுட்டு மறுபடி போனேன்னு அவரு படத்துக்கு முன்னாடி நின்னு திட்டிகினு இருந்தேன். என்னாண்ட சொல்லிட்டா ஆச்சா? அங்க போய்ச் சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு. பூங்கொடிய நான் இட்டுகினு வரேன். அவளாண்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு.”

பிறந்ததிலிருந்து அண்ணா என்று கூப்பிட்டவள், டா போட்டாள். வாசல்வரை வரவில்லை.

இதைப் படித்தபிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. விசாரணையில் பொய் சொன்னதற்கு வேலை போகலாம், போலீஸ் வரலாம். கோதண்டம் என் முகத்தில் காறித் துப்பலாம். நீ மன்னிப்பாயா என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் உனக்குப் பதில் சொல்ல வழியில்லை, அது எனக்கு ரொம்பச் சௌகரியம்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நாளைக்கு இதில் ஒரு வரியைக்கூட விழுங்க மாட்டேன். பஜ்ஜியையும் விட மாட்டேன், சட்டைப்பையையும் விட மாட்டேன். பூங்கொடி முதல் வரிசையில் இருப்பாள். குறுக்கே கேள்வி கேட்பாள், நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்வேன். உன் அப்பா எந்த விதியையும் மீறவில்லை, அவரைத் தேடப் போக விடாமல் செய்தது நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
நாளைக் காலைவரைக்குமாவது உன் மகளுக்குத் தாய்மாமன்,
ஏகாம்பரம்