எஜமானி வேஷம்

7 ஜனவரி 2024, ஞாயிறு

பனிமூட்டத்தில் பஸ் வரவேயில்லை. லோதி ரோட்டுக்கு ஒத்திகைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. சேஷன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "சூரியனே இன்னும் வரலை டைரக்டரே, என்னை மட்டும் முறைக்கிறீங்க" என்றேன். சிரித்துவிட்டார். ரிட்டையரான பிறகு அவருக்கு முறைக்க ஆள் கிடைப்பதில்லை, பாவம்.

எங்கள் "இரண்டு வாசல் வீடு" நாடகம் இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறது. பதினாலு பாட்டு. பெரிய வீட்டு எஜமானி மங்களத்தின் பிள்ளையும் வேலைக்காரி செல்லாயியின் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். முன்வாசலா, கொல்லை வாசலா, எதன் வழியாக உள்ளே விடுவது? அதுதான் கதை. கதை மாறாது, ஆள்தான் மாறும். தில்லியில் ஒரு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தால் ஒரு வேஷம் காலி. இந்தத் தடவை செல்லாயியாக நடிக்கும் பட்டு மாமி. கணவருக்குக் கௌஹாத்தி.

யாரைப் போடுவது என்று பேச்சு. நான் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சேஷன் சார் என்னைப் பார்த்து, "நம்ம சாந்தகுமாரியே இருக்காளே. அத்தனை பாட்டும் அவளுக்குத் தெரியும். மேக்கப்கூட வேண்டாம்" என்றார். ஹார்மோனியம் சுந்தரேஷ், "புடவைகூட மாத்த வேண்டாம் சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன்.

8 ஜனவரி

மேக்கப்கூட வேண்டாமாம்.

14 ஜனவரி, ஞாயிறு

நாளைக்குப் பொங்கல். ஜலஜாம்மா வீட்டுக்குக் கரும்பு வாங்கிக் கொடுத்துவிட்டு அவர்களோடேயே ஒத்திகைக்குப் போனேன். பதினோரு வருடமாக அவர்கள் வீட்டில் சமையல். நாடகத்துக்கு என்னைக் கூட்டி வந்ததும் அவர்கள்தான். அவர்கள் மேடையில் மங்களம், நான் மேடைக்குப் பின்னால் அவர்கள் புடவைக்குப் பின் குத்துகிறவள்.

சேஷன் சார் என்ன முடிவு என்று கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வாய் மட்டும் நிற்பதில்லை. "சார், காலையில ஆறு மணியிலேருந்து அந்த வேஷம்தான் கட்டறேன். சாயங்காலமும் அதுவேவா? மங்களம் வேஷம் குடுங்க, பண்றேன்" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன் — விளையாட்டுக்குத்தானா? யாரும் சிரிக்கவில்லை. சுந்தரேஷ், "பாக்கறவா என்ன சொல்லுவா? பாதிப் பேர் வீட்டுல இவதான் கல்யாணச் சமையலுக்கு வந்திருக்கா" என்றான்.

ஜலஜாம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஊசியை நிறுத்தாமல், "குடுங்கோ சார். எனக்கும் மங்களம் அலுத்துப்போச்சு. நான் செல்லாயி பண்றேன்" என்றார்கள்.

நான் இஸ்திரிப் பெட்டியைப் புடவை மேலேயே வைத்துவிட்டேன். ஒரு முந்தானை போச்சு.

21 ஜனவரி

மானம் போயிற்று. "ஏய் செல்லாயி, இங்கே வாடி" என்று சொல்ல வேண்டும். எதிரில் ஜலஜாம்மா துடைப்பத்தோடு நிற்கிறார்கள். என் வாயில், "செல்லாயி, வாங்கம்மா" என்று வருகிறது. நாலு தடவை. ஐந்தாவது தடவை அவர்கள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி நானே பெருக்க ஆரம்பித்துவிட்டேன்.

சேஷன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ பார்த்த யாராவது ஒரு எஜமானியை மனசில நினைச்சுக்கோ. அவ என்ன பண்ணுவாளோ அதைப் பண்ணு." நான் வேறு யாரைப் பார்த்தேன்?

28 ஜனவரி

பண்ணிவிட்டேன். போனைப் பார்த்தபடியே நிமிராமல், "ஆச்சா?" என்று கேட்டேன். அலமாரி மேல் ஒரு விரலால் தடவி, விரல் நுனியைப் பார்த்து, ஒன்றுமே சொல்லாமல் நகர்ந்தேன். திட்டுவதற்கு முன்னால் குரலைத் தேனாக்கிக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதே" என்றேன். அப்புறம் திட்டினேன். "வாடி" தானாக வந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். சுந்தரேஷ், "அச்சா, இதை எங்கே பிடிச்சே?" என்று ஹார்மோனியத்தை விட்டு எழுந்தே வந்துவிட்டான். அப்போதுதான் ஜலஜாம்மாவைப் பார்த்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். மெதுவாகக் குடித்தார்கள். எப்போதும் தாங்கள் போகிற ஆட்டோவில் என்னை பஸ் ஸ்டாப்வரை கொண்டுவிடுவார்கள். இன்றைக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

30 ஜனவரி

"ரசத்துல உப்பு சரியா இருக்கு." இன்றைக்கு முழுக்க ஜலஜாம்மா என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

2 பிப்ரவரி

நாலு நாளாயிற்று. காப்பியைத் தானே போட்டுக்கொள்கிறார்கள். அலமாரிப் பக்கமே போவதில்லை.

என்ன மனுஷி நான். ஏழு வருஷத்துக்கு முன்னாடி எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரி பெஞ்சில் ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தது யாரு? என் பொண்ணு கனிமொழிக்கு ஸ்கூல் சீட்டு வாங்க வெயில்ல நின்னது யாரு? அந்தம்மாவை மேடையில ஏத்தி நாலு பேர் சிரிக்க வெச்சேனே. ஆனா பண்ணினதுல ஒண்ணாவது பொய்யா? இல்லையே. வேலை போயிட்டாகூட வேற வீடு கிடைக்கும். இந்த அம்மா கிடைக்குமா?

நாளைக்குக் கேட்டுவிட வேண்டியதுதான்.

3 பிப்ரவரி

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன். "அம்மா, எனக்கு அந்த வேஷம் வேண்டாம். சார் கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"ஏன்?"

"வரலைம்மா."

"நன்னாத்தானே வரது." காப்பியை ஆற்றிக்கொண்டே, "நீ ஒண்ணும் என்னைப் பார்த்துப் பண்ணலையே?" என்றார்கள்.

"ஐயோ, இல்லம்மா."

வெங்காயம் கையில் இருந்தது நல்லதாயிற்று. கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

"அப்போ என்ன? ஒத்துண்டதைப் பண்ணு. அடுப்பைப் பாரு, பால் பொங்கறது."

என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. ஒத்திகையிலும் செல்லாயி வசனத்தைப் புத்தகத்தில் உள்ளபடி ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள்.

18 பிப்ரவரி, ஞாயிறு

நாடகம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எழுதியே ஆக வேண்டும்.

ஹால் நிறைந்துவிட்டது. கனிமொழி நர்ஸிங் ஹாஸ்டலிலிருந்து இரண்டு சிநேகிதிகளோடு மூன்றாவது வரிசையில். நான் பட்டுப்புடவையில் சோபாவில். "ஏய் செல்லாயி, ஆச்சா?" என்றேன். கூட்டத்தில் சில பெண்கள் தங்களுக்குள் இடித்துக்கொள்வது மேடையிலிருந்தே தெரிந்தது.

ஜலஜாம்மா வந்தார்கள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்கள் — என்னைப் போல, இடது பக்கம். தலையைக் குனிந்து, "சரிங்கம்மா" என்றார்கள், வெண்ணெய் உருகுவதுபோல. திரும்பிய உடனே ஜன்னலைப் பார்த்து வாயைக் கோணி, "கலெக்டர் எழுந்தாச்சு. இனிமே கோர்ட்டுதான்" என்றார்கள்.

நாடகத்தில் அப்படி வசனமே கிடையாது. அது நான் சொல்வது. அடுத்த ஃபிளாட்டில் வேலை செய்யும் சுனிதாவிடம் தினம் போனில், சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சொல்வது. பதினோரு வருடமாக அந்தம்மா பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் வேறு மாற்றியிருக்கிறார்கள்.

ஹாலே இடிந்துவிடும்போல் சிரிப்பு. கனிமொழி நாற்காலியை விட்டு விழப்போனாள். எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. மங்களம் சிரிக்கக் கூடாத இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். சுந்தரேஷ் புண்ணியவான், பாட்டை எடுத்துக் கொடுத்தான்.

கடைசிக் காட்சியில் மங்களம் செல்லாயியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுப் பாட வேண்டும். ஜலஜாம்மாவின் கை ஜில்லென்று இருந்தது. யார் யாரிடம் கேட்கிறோம் என்று எனக்கே குழம்பிவிட்டது. மேல் ஸ்வரத்தில் குரல் உடைந்தது. அவர்கள் கையை இறுக்கிப் பிடித்து அந்த வரியைத் தாங்களும் சேர்ந்து பாடினார்கள். நாடகத்தில் அதுவும் கிடையாது.

உள்ளே வந்ததும் கேட்டேன். "நீங்க ஒண்ணும் என்னைப் பார்த்துப் பண்ணலையே?"

"ஐயோ, இல்லைடி" என்றார்கள். இரண்டு பேரும் புடவை மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தோம். சேஷன் சார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

19 பிப்ரவரி

அலமாரி மேல் தூசி இருந்தது. "தூசி இருக்கு" என்று சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போனார்கள். எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

6 மார்ச், புதன்

மூன்று நாளாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. மதன்கீரில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது. மத்தியானம் வெளியே ஒரு குரல், "நாடகத்துல நடிக்கறாளே சாந்தகுமாரி, அவ ஆத்துக்கு வழி எது?" எழுந்து பார்த்தால், ஜலஜாம்மா. கையில் ரசப் பாத்திரம், செருப்பெல்லாம் சேறு. இத்தனை வருடத்தில் என் வீடு எங்கே என்று அவர்களுக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை.

கட்டிலில் உட்கார்ந்தார்கள். நான் டீ போட எழுந்தேன், படு என்று அதட்டிவிட்டுத் தானே போட்டார்கள். சர்க்கரை டப்பாவைத் தேடி நாலு டப்பாவைத் திறந்தார்கள். மோதி பாக் ஹாலில் அடுத்த மாதம் ஷோ என்றார்கள். மங்களம் நான்தானாம், சேஷன் சார் போஸ்டரில் பெயர் போட்டுவிட்டாராம்.

எதிர் வீட்டு பிம்லா எட்டிப் பார்த்தாள். சால்வையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, யார் இது என்று என்னைக் கேட்டாள். ஜலஜாம்மா தன் சுத்தமான ரேடியோ ஹிந்தியில், "நான் இவங்க வீட்டுல வேலை செய்யறேன்" என்றார்கள்.

எனக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அம்மா இரண்டு டீ கிளாசையும் எடுத்துக்கொண்டு, குழாய் எங்கே இருக்கிறது என்று பிம்லாவிடமே கேட்டபடி சந்தில் இறங்கிப் போனார்கள்.