விநாடி ஒலியைக் கேட்டதற்காக ஆறு நாள் காவல்

அனுப்புநர்:
ஆ. ஞானசேகரன்,
ரேடியோ பழுது பார்ப்பவர்,
பிரேசர் டவுன், பெங்களூர்.

பெறுநர்:
காவல் துறை மேலதிகாரி அவர்கள்,
பெங்களூர்.

பொருள்: கைப்பற்றிய ரேடியோவைத் திருப்பித் தரவும், நான் ஒற்றன் அல்லன் என எழுதித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினான்கு ஆண்டுகளாக வீட்டு முன்னறையில் ரேடியோ பழுது பார்க்கிறேன். உரிமத்தைத் தவறாமல் புதுப்பித்துள்ளேன்.

2. ரேடியோவின் முள் காட்டும் எண்ணும் உள்ளே வரும் அலைவரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க, டில்லியிலிருந்து பத்து மெகாசைக்கிள் அலைவரிசையில் அரசே ஒலிபரப்பும் நேரக் குறிப்பைக் கேட்பேன். விநாடிக்கு ஒரு 'டிக்'. அந்த அலைவரிசை இம்மியும் பிசகாது. என் சோதனைக் கருவியின் அலை அதனோடு சேரும்போது எழும் விசில் தணிந்து அடங்கினால் கருவி சரியாக உள்ளது என்று பொருள்; அதைக் கொண்டு ரேடியோவின் முள்ளைத் திருத்துவேன்.

3. சென்ற நவம்பர் 24 அன்று, சீன எல்லைப் போரின் பதற்றம் அடங்காத வேளையில், எதிர்வீட்டு ஓஸ்வால்ட் கொடுத்த தகவலின் பேரில் உதவி ஆய்வாளர் ஒருவர் வந்தார். ஓஸ்வால்டின் ரேடியோவையும் இதே முறையில்தான் சரிசெய்து கொடுத்திருந்தேன். ஒலியைக் கேட்ட ஆய்வாளர், "டிக் டிக்குன்னு யாருக்குய்யா சேதி அனுப்புறே?" என்றார். "இது கேக்குற பெட்டி சார், அனுப்பாது" என்றேன். பெட்டியைக் கைப்பற்றி, "ஸ்டேஷன்ல வந்து சொல்லு" என்றார். சொன்னேன். ஆறு நாளும் சொன்னேன். முள்ளை அதே இடத்தில் வைத்து யாரேனும் கேட்டுப் பார்க்குமாறு கெஞ்சினேன். எவருக்கும் ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

4. ஏழாம் நாள், வயர்லெஸ் தெரிந்த வெங்கடராமன் என்ற அலுவலர் வந்தார். பெட்டியை முடுக்கிக் கேட்டார், சிரித்தார், தம் கைக்கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொண்டார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பெட்டியைத் தரவில்லை.

5. இதற்குள் ஆசிரியையான என் மனைவி பெர்னதெத்தை, விவகாரம் தெளியும்வரை வர வேண்டாமெனப் பள்ளியில் நிறுத்திவிட்டார்கள். நான் விடுவிக்கப்பட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லாததால், தெளிந்துவிட்டதென்று அவள் எதைக் காட்டுவாள்? ஓஸ்வால்ட் மாதா கோயிலில் எங்களைக் கண்டால் வேறு பெஞ்சுக்கு நகர்ந்துவிடுகிறார். பழுது பார்க்க எவரும் வருவதில்லை.

6. ஆங்கிலத்தில் அனுப்பிய இரு மனுக்களுக்கும் பதில் இல்லை. சென்ற வாரம் நேரில் விசாரிக்கப் போனேன். காவல் நிலையத்தில் என் பெட்டியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வானொலி நிலையம் துல்லியமாகக் கிடைக்கிறதென ஒருவர் பாராட்டவும் செய்தார்.

ஆகவே, பெட்டியைத் திருப்பித் தரவும், தவறு நேர்ந்தது என ஒரே ஒரு வரி எழுதித் தரவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். என்னை அழைத்துச் சென்றது பட்டப்பகலில், தெருவே பார்க்க. அந்த வரியும் பகலிலேயே, சீருடை அணிந்த ஒருவர் கையால் என் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

இங்ஙனம்,
ஆ. ஞானசேகரன்

இடம்: பெங்களூர்
நாள்: 11-3-1963