மெழுகுக்குள் ஒரு துண்டு

ஜூன் 3, 2025
சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். ஜாய்ஸ் தன் முதுகுக் கட்டியை டாக்டர் முத்துராமலிங்கத்திடம் காட்டப் போகிறாளாம். "என் வீட்டில் ஒருவரைக் கொன்றது போதாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. போகமாட்டாள். நம் சபையில் பாதிக் குடும்பங்கள் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. என் வேலைதான்.

என் முழங்கைப் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. அவரிடம் காட்டுவதைவிட அழுகட்டும்.

ஜூன் 7
தம்பி மகள் மகிமா மதுரையிலிருந்து வந்தாள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. என் கணவரின் நாக்கோரப் புண்ணிலிருந்து அந்த டாக்டர் எடுத்த துண்டு, ரிப்போர்ட்டோடு கொடுத்த மெழுகுக் கட்டிக்குள் இரண்டு வருடமாக என் பீரோவில் இருக்கிறது. "இந்தத் துண்டுல ஒண்ணுமில்லம்மா" என்று அவர் சொன்ன துண்டு. பத்து மாதத்தில் புற்றுநோய் என் கணவரைத் தின்று முடித்தது.

மெழுகு உருகாமல் இருக்க ஈரத்துணி சுற்றி டிபன் டப்பாவில் கொடுத்தேன். மகிமா சிரித்தாள். "அத்தே, இது ஐஸ் இல்ல."

ஒரே துண்டை மூன்று வெளிச்சத்தில் பார்ப்பார்களாம். சாதாரண மைக்ராஸ்கோப் ஒன்று. லேசர் பட்டுச் செல்கள் பச்சையாக மினுங்குவது ஒன்று. தோலுக்கு அடியிலுள்ள நார்களை மட்டும் நீலமாகக் காட்டுவது ஒன்று. மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எதுவும் ஒளிய முடியாது.

ஒளியவே கூடாது.

ஜூன் 15
மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதி முடித்தேன். நான்கு பக்கம், ஆங்கிலத்தில். கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த இலக்கணம். ஒரு கமாவும் தவறவில்லை. படங்களை இணைக்க இடம் விட்டிருக்கிறேன். அந்த மனிதர் பெயர்ப் பலகையைக் கழற்றும் நாளில் எதிர்க்கடையில் உட்கார்ந்து காபி குடிப்பேன்.

ஜூன் 21
மகிமா படங்களோடு வந்தாள். நீலப் படம் வெறும் கறுப்பு.

"மெஷின் கெட்டுவிட்டதா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அத்தே. இது மேல்தோல் மட்டும். அடிச்சதையே இல்ல, அதான் நார் இல்ல. நோய் கீழ இருந்திருந்தா இதுல எப்படித் தெரியும்? ஏன் இம்புட்டு மேலாக்க எடுத்தாக?"

"ஏனென்றால் அவர் அரைகுறை" என்றேன்.

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

ஜூன் 22
ஆராதனைக்குப் போகவில்லை. 2023 டைரியை எடுத்தேன். என் கையெழுத்துதான்:

'ஏப்ரல் 5. டாக்டர் ஆழமாக எடுக்க வேண்டும் என்றார். ஞாயிறு ஈஸ்டர், அதிகாலை ஆராதனையில் இவருடைய தனிப்பாட்டு. நாக்கு வீங்கினால் யார் பாடுவது? மேலாக எடுத்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தயங்கினார். மூன்று வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்.'

மறுபடி நாங்கள் போகவில்லை. ஆனால் பாட்டு எவ்வளவு அருமை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

நானா? நானேதானா சொன்னேன்? பாவி, நாந்தான் சொல்லிருக்கேன்.

ஜூன் 23
இரண்டு வருடமாக அந்த மனிதர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாமே! என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை...

ஜூன் 24
புகாரைக் கிழிக்கவில்லை. மேலே இருந்த பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். அனுப்ப விலாசம் இல்லை.

ஜூலை 2
ஜாய்ஸை அழைத்துக்கொண்டு அல்லிநகரத்திலுள்ள அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் என்று கேட்டாள். பஸ்ஸில் வைத்துச் சொன்னேன், முழுவதையும். ஊருக்கே சொல்வாள். சொல்லட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் சுருளியம்மாள். "என்னம்மா, வழி தெரியாம இங்கன வந்துட்டீகளா?"

"வழி தெரிந்துதான் வந்தேன்."

டாக்டர் எழுந்து நின்றார். முழங்கையை விளக்கடியில் பார்த்தார். பழைய கதையை அவர் பேச்சில் எடுக்கவில்லை. மன்னிப்பு என் வாயில் வரவில்லை.

"கொஞ்சம் எடுத்துப் பாக்கணும்மா." சற்று நிறுத்தினார். "ஞாயித்துக்கிழம சர்ச்சுல எதும் இருக்கா?"

"இருக்கிறது. வேதம் வாசிப்பது என் முறை" என்றேன். ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, முழங்கையை மேசையில் நீட்டினேன். "எவ்வளவு ஆழம் வேண்டுமோ, எடுங்கள்."