மணிக்கட்டுத் தழும்பு

1936 ஜூலை 24, வெள்ளி. சங்ககிரி.

என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாகக் கைநடுக்கம். அந்த நோய் மூளையையும் பிடித்துவிட்டது என்று சேலம் டாக்டர் போன மாதம் சொன்னபோது நான் நம்பவில்லை. இன்று காலை தட்டுத்தடுமாறி மணியக்காரர் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எம்பொண்டாட்டியக் காணமுங்க. இவ ஆரோ, அவளாட்டமே ஊட்டுல இருக்கறா. அவளுக்கு இடது மணிக்கட்டுல எண்ணெய் சுட்ட தழும்பு இருக்குமுங்க."

மணியக்காரர் என்னைப் பார்த்தார். "கையக் காட்டு அம்மிணி."

கோபமாக இடது கையை நீட்டினேன்; தழும்பு அங்கேயே இருந்தது. என் வீட்டுக்காரர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"பாத்தீங்களா, அதையும் எடுத்துக்கிட்டா. அவள என்ன பண்ணுனான்னு கேளுங்க."

இப்போது விளக்கடியில் தழும்பைத் தடவிப் பார்க்கிறேன். எண்ணெய் தெறித்த அந்த நாள் எனக்கு நினைவு வரவில்லை.