நாக்பூரில் கிழிந்த ரபான்

சேரங்கோடு
சித்திரை, வியாழக்கிழமை

அன்பு மகள் ரேணுகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் இருமலைத் தவிர எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் மாப்பிள்ளை சரத் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனைத்தான் எடுப்பதில்லை, தபால்காரரையுமா திருப்பி அனுப்பிவிடுவாய், பார்க்கிறேன். கோடை மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, தேயிலைக் கொழுந்து மளமளவென்று வருகிறது, அம்மாவுக்கு லீவு கேட்கவும் வழியில்லை. மருந்து வாங்கி வைத்தால் காது கேட்காதவள் போலப் போகிறாள்.

வருஷப் பிறப்பன்று நடந்ததை மாப்பிள்ளை சொன்னார். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து தட்டுவார்களே, அதே போல அந்தப் பெரிய வட்டத் தோல் ரபானை முக்காலியில் வைத்து, அடியில் கரிநெருப்புப் போட்டுக் காய்ச்சியிருக்கிறாய், தோல் படாரென்று கிழிந்துவிட்டது. உன் மாமியார் சிரித்துவிட்டு, இது தமிழ்ப் பேரே இல்லையே, மேளம் என்றால் ஆகாதா என்றாராம். அன்றிலிருந்து நீ அங்கே வாயைத் திறப்பதில்லை, மாப்பிள்ளையிடம் மட்டும், நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள், ஊருக்கே போய்விடுகிறேன் என்று அழுகிறாயாம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே ரயில் ஏறியிருப்பேன். அம்மாதான், "இங்க மழையில தோலு தொய்ஞ்சு போயிரும், காய்ச்சாமத் தட்டினா சத்தம் வருமா? புள்ள இங்க பார்த்ததத்தானே அங்க செஞ்சிருக்கு, நாக்பூரு வெயில்ல தோலு ஏற்கெனவே விறைச்சு நிக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்" என்று என்னை அடக்கினாள்.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி ஜீவா தேடிப் பார்த்தான். அரபு நாட்டுப் பக்கமிருந்து மலாய்க்காரர்களிடம் போய், அங்கிருந்து இலங்கைக்கு வந்த சொல்லாக இருக்கலாமாம், வேறு மாதிரிச் சொல்பவர்களும் உண்டாம். சிங்களவர்கள் ரபான என்பார்கள். இங்கே திரும்பி வருமுன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த நம் ஆட்கள் கடைசியில் ஒரு ன் போட்டு மூடி, மான், மீன் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மீனை என்கிற மாதிரி ரபானை, மீனுக்கு என்கிற மாதிரி ரபானுக்கு. சிங்களவர்கள் அடிப்பது என்பார்கள், நாம் தட்டுவது என்போம், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை பேர் வாயில் புழங்கி வந்த சொல்லைச் சொல்ல உனக்கு என்ன கூச்சம் மகளே? நீ பேசுவதைக் கேட்டு வளர்ந்த வீடு இது, உன் பேச்சில் ஒரு குறையும் இல்லை.

நேற்று சாயங்காலம் உன் மாமியார் அம்மாவைப் போனில் கூப்பிட்டார். "மதினி, நான் வெளையாட்டாச் சிரிச்சது அவளுக்கு இப்பிடித் தைக்கும்னு தெரியல. சரியாச் சாப்பிடவே மாட்டேங்கிறா. ரபானுக்கு என்ன தோலு போடணும்? இங்க டோலக் செய்யறவர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்" என்றாராம். வெள்ளாட்டுத் தோல் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். போனை வைக்கிறதுக்கு முன்னால் அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டிருக்கிறார், "தட்டும்போது நானும் கூட உக்காரலாமா, இல்ல ஒங்க ஆளுக மட்டுந்தானா?" என்று. அதற்கு அம்மா, அதை என் மகள்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

நீ எப்போது வந்தாலும் இது உன் வீடு, ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டேன். ஆனால் அந்தம்மா பதிலுக்குக் காத்திருக்கிறார். படித்து முடித்ததும் எழுந்து அடுப்படியில் அவரிடம் போ. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். வெயிலில் மோர் குடிக்க மறக்காதே.

உன் அப்பா,
பழனியாண்டி