மாப்பிள்ளை சொன்னால் சரி

ஜூலை 7, திங்கள்
பந்தல்குடி ஷெட்டில் இன்று முதல் நாள். மாமாவின் லாரி ஆபீசுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை, அதற்கடியில் ஒரு ரேஸ் பைக். அவர் ஆசைப்பட்டு ஆரம்பித்த டீம். போன வருஷம் முழுக்கக் கடைசி இடம்தான்.

“இனிமே எல்லாம் எங்க மாப்பிள்ளைதான். அவுக சொல்றதுதான்” என்று மாமா எல்லோர் முன்னாலும் அறிவித்தார். ஆறு வருஷமாக டீமை நடத்தி வந்த சபீர் பாய் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். பொண்டாட்டி வழியில் வந்த பதவி. எனக்கு பைக் ஓட்டத் தெரியும். அவ்வளவுதான் தெரியும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 16
நான் எது சொன்னாலும் எல்லோரும் “சரிங்க மாப்பிள்ளை சார்” என்கிறார்கள். சபீர் பாய் மட்டும் தம்பி என்கிறார். இன்று மெக்கானிக்குகள் முன்னாலேயே, “தம்பி, இது தப்பு. செயினை இம்புட்டு இறுக்குனா ஓட்டத்துல அறுந்துரும்” என்றார்.

சரியாகத்தான் சொன்னார். முகம் எரிந்தது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?

ஜூலை 21
சாப்பிடும்போது மாமாவிடம் லேசாகப் போட்டு வைத்தேன் — “அவரு இருக்கிற வரைக்கும் ஷெட்ல என் பேச்சு எடுபடாது மாமா.”

ஜூலை 23
சபீர் பாய் தன் ஊரான வீரசோழனுக்கே போய்விட்டார். அவரோடு இரண்டு மெக்கானிக்குகளும். போகும்போது என் கையைப் பிடித்து, “பிள்ளையப் பாத்துக்கங்க தம்பி” என்றார். எங்கள் ரைடர் மாரிக்கனியைச் சொன்னார். திருச்சுழிப் பெண். அவளுக்குப் பைக் பழக்கிவிட்டதே அவர்தான்.

ஆகஸ்ட் 4
புது மெக்கானிக்குகள் வந்தாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், மாமாவின் பங்காளி மகன் ஒருவர். எதிர்த்து ஒரு சொல் கிடையாது. ஷெட் அமைதியாக இருக்கிறது. நானும் பெருமையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. சென்னை
எழுதக் கை வரமாட்டேங்குது.

ரேஸுக்கு முன்னால் மேகம் கூடியது. மற்ற டீம்காரர்கள் மழை டயருக்கு மாறினார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். நம்ம ஊரில் பார்க்காத மேகமா? கறுத்துக் கட்டும், ஊரே வாசலுக்கு வரும், ஒரு பொட்டு விழாமல் கலைந்து போகும். “மழையெல்லாம் வராது. இருக்கிற டயரே போதும்” என்றேன். மெக்கானிக் மாரிக்கனியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“சரிங்க மாப்பிள்ளை சார்.”

மூன்றாவது சுற்றில் கொட்டியது. வளைவில் வண்டி வழுக்கி, அவள் ஓரத்துச் சரளைக்குள் உருண்டாள். தோள் எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில், “உனக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு? ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“வீட்டு மாப்பிள்ளைய எதுத்து எப்படி சார் பேச?”

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 20
மாமா அவளைப் பார்க்க வந்தார். நான் வாய் திறப்பதற்குள், “நான்தான் அவசரப்பட்டுட்டேன் அய்யா” என்று தானே பழியை ஏற்றுக்கொண்டாள். வெளியே வந்ததும் மாமா, “வேற ரைடர் பாத்துருவோம் மாப்பிள்ளை. இது சரிப்படாது” என்றார்.

தலையாட்டினேன். ஆட்டிட்டேனே.

ஆகஸ்ட் 21
சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 24
என் பொண்டாட்டி ரேணுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்பாகிட்டப் போயிச் சொல்லுங்க” என்றாள். அவுக என்னை என்ன நினைப்பாக என்று இழுத்தேன். “அந்தப் பிள்ளை தோள ஒடச்சுக்கிட்டு உங்க மானத்தக் காப்பாத்துது. நீங்க இன்னும் மானத்தப் பத்தியே பேசுங்க” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 25
மாமாவிடம் சொல்லிவிட்டேன். டயர் என் முடிவு, மழை வராது என்றது நான், மாரிக்கனி மேல் தப்பே இல்லை.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, “இத வெளிய சொல்லிக்கிற வேணாம் மாப்பிள்ளை. எனக்கும் அசிங்கம்” என்றார். சபீர் பாயிடம் சொல்லத்தான் வேண்டும் என்றேன். மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26
வீரசோழன். பஸ்ஸை விட்டு இறங்கியும் அவர் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். சபீர் பாய் டீ வரவழைத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, “பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான தம்பி வந்தேன்” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கே எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“வாரேன். அவ எடத்துல வேற ஆள் போடக் கூடாது. ஷெட்டுக்குள்ள மாப்பிள்ளையும் கெடையாது. சம்மதமா?”

மாமாவைக் கேட்காமலே சம்மதம் என்றேன்.

செப்டம்பர் 11
அடுத்த ரேஸுக்கு நாங்கள் போகவில்லை. மாரிக்கனி கைக்கட்டோடு ஷெட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க இன்னும் கூசுகிறது. திரும்பி வந்த சபீர் பாய் சொன்னபடி, பின்சக்கரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல யாரும் வாய் திறக்கவில்லை.

“அண்ணே” என்றாள் மாரிக்கனி. “சக்கரம் நேரா ஒக்காரல. கழட்டி மாட்டுங்க.”

கழற்றி மாட்டினேன்.